பத்து மணிக்கு ஸ்விட்சை அணைப்பது யார்?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேர்தல் சமயத்தில் தமிழ்நாட்டில் பலரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி இது. பிரசார வேன் ஊருக்குள் நுழையும்போது மணி பத்தேகால். சாயங்காலத்திலிருந்து காத்துக்கிடந்த கூட்டம் விசிலடிக்கிறது. தலைவர் வேனின் மேல் ஏறுகிறார், கும்பிடுகிறார், விரலை விரித்துச் சின்னத்தை நினைவூட்டுகிறார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இறங்கிவிடுகிறார். மைக் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் கண்டிப்பு.

தேர்தல் முடிகிறது. அதே தெருவில் கோயில் கொடை வருகிறது. பாட்டுக் கச்சேரி நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை நடக்கிறது. கச்சேரிக்கும் பத்து மணிக் கட்டுப்பாடு உண்டு. சொல்லப்போனால் அது தேர்தலுக்கு மட்டுமல்ல, ஆண்டு முழுவதற்குமான சட்டம். தலைவரை வாய்மூட வைத்த விதி கச்சேரி மேடையை எட்டவில்லை.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். வேனைச் சுற்றி எதிர்க்கட்சிக்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார். பறக்கும் படை பக்கத்து ஊரில் நிற்கிறது. மீறினால் யார் மீது வழக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். நேரம் பார்க்கக் கைக்கடிகாரம் போதும். கொடைக் கச்சேரியிலோ கடிகாரம் மட்டும்தான் இருக்கிறது. மற்ற மூன்றும் இல்லை. ஓர் ஊரின் சத்த விதி எழுதிய தாளில் வேலை செய்வதில்லை. கருவி எதுவும் இல்லாமல் சரிபார்க்க முடிகிறதா, நிறுத்தச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறாரா என்ற இரண்டில்தான் அதன் உயிர் இருக்கிறது. நம் விதிகளை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம்.

முதலில் தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2000 பிப்ரவரியில் ஒலி மாசு விதிகளை வெளியிட்டது. அது ஊரை நான்காகப் பிரிக்கிறது. தொழிற்சாலைப் பகுதியில் பகலில் 75 டெசிபெல், இரவில் 70. கடைவீதியில் 65, 55. குடியிருப்பில் 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத அமைதிப் பகுதியில் 50, 40. பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை, மிச்சமெல்லாம் இரவு. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவில் அறவே கூடாது; மூடிய அரங்குக்குள் இருப்பவர்களுக்காக வைப்பதும், பொது ஆபத்துக் காலமும் மட்டும் விலக்கு. 2010-இல் இன்னும் சில சேர்ந்தன. இரவில் குடியிருப்புப் பகுதியில் வண்டி ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலை இயந்திரம் ஓட்டக் கூடாது, சத்தம் போடும் பட்டாசு வெடிக்கக் கூடாது.

படிக்கும்போது கச்சிதமாகத்தான் இருக்கிறது. இடிப்பது டெசிபெல்லில்.

டெசிபெல் என்பது கிலோ, லிட்டர் மாதிரி ஏறும் அளவு அல்ல. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கிறது. 55-க்கும் 75-க்கும் இடையே ஆற்றல் வித்தியாசம் நூறு மடங்கு. இதைச் சாதாரண மனிதர் காதால் கணிக்க முடியாது. தரமான மீட்டர் வேண்டும், அதைச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும், பிடித்து அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இரவு பதினொன்றரைக்கு ரோந்து போகும் ஏட்டையாவிடம் இவற்றில் எதுவும் இருப்பதில்லை.

மீட்டர் இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. விதி சொல்லும் 45 டெசிபெல் ஒரு நொடியின் சத்தம் அல்ல. இரவு முழுவதற்குமான சராசரி. இரவின் எட்டு மணி நேரம் என்பது 28,800 நொடி. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஒரு நொடி, 80 டெசிபெல்லில் ஒரு ஹாரன் அடிக்கிறது. தூங்குகிற குழந்தை வீறிட்டு எழுந்துவிடும். அந்த ஒரு நொடியை 28,800 நொடிக்கும் பரப்பினால் அதன் பங்கு ஏறக்குறைய 35 டெசிபெல்தான் வரும். வேறு சத்தமே இல்லாத தெருவில் அப்படி ஒன்பது ஹாரன் அடித்தாலும் கணக்கு 45-ஐத் தாண்டாது. வீட்டில் உள்ளவர்கள் ஒன்பது தடவை எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். அட்டவணைப்படி அந்தத் தெருவில் எல்லாம் சரியாக இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைக் கவனித்திருக்கிறது. படுக்கையறைக்குள் தொடர்சத்தம் 30 டெசிபெல் என்று சொல்வதோடு, திடீரென்று எழும் தனிச் சத்தத்துக்கு 45 என்று வேறொரு வரம்பையும் வைத்தது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பு பிறகு ஏழு பெருநகரங்களில் 70 நிலையங்களாக வளர்ந்தது. சென்னையில் மட்டும் பத்து. எழும்பூர் கண் மருத்துவமனை, தியாகராய நகர், பெரம்பூர், திருவல்லிக்கேணி, வேளச்சேரி எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கருவிகள் ராத்திரி பகலாக எழுதிக்கொண்டே இருக்கின்றன. நகரத்தின் நிலைமையை ஆண்டுக்கணக்கில் தெரிந்துகொள்ள அவை தேவைதான். ஆனால் கண் மருத்துவமனை வாசலில் ஹாரன் அடிக்கிற ஓட்டுநரிடம் போய் அவை எதுவும் கேட்பதில்லை.

மீட்டர் ஒன்று சொல்ல, காது ஒன்று சொன்ன வழக்கு சென்னையிலேயே நடந்திருக்கிறது. மாதவரம் நெடுஞ்சாலையில் உள்ள கே.கே.ஆர். நகரில் பெந்தெகொஸ்தே சபை ஒன்றின் ஜெபக்கூடம் இருந்தது. டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கியோடு ஆராதனை. பக்கத்துக் குடியிருப்போர் நலச்சங்கம் 1996-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுத்தது. அதிகாரிகள் வந்து அளந்தார்கள். சத்தத்துக்கு ஜெபக்கூடம் மட்டும் காரணமல்ல, சாலையில் ஓடும் வண்டிகளும் காரணம் என்று அளவெடுப்பு காட்டியது. சபை அதைத் தன் வாதமாக எடுத்துக்கொண்டது. உயர் நீதிமன்றம் இரண்டு பக்கமும் கையை நீட்டியது: வண்டிகள் மீதும் நடவடிக்கை எடுங்கள், ஜெபக்கூட ஒலிபெருக்கியையும் தணிக்கச் சொல்லுங்கள். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30 அன்று அந்த உத்தரவை உறுதி செய்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

அந்த வழக்கில் மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சத்தங்களை ஒன்றாகக் கூட்டித்தான் சொல்லும். லாரியா டிரம்ஸா என்று பிரித்துச் சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரரின் காது பிரித்துச் சொல்லிவிடும். அவர் சாலையோடு வாழப் பழகியிருப்பார். மூன்று மணி நேரம் விடாமல் வரும் ஒரே தாளத்தோடு பழக முடியாது.

சரி, கருவி இல்லாமலே சரிபார்க்கக்கூடிய விதி நம்மிடம் இருக்கிறதா? இருக்கிறது. அவைதான் ஓரளவு வேலையும் செய்கின்றன. கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தமிழ்நாட்டில் தடை. தென்னை மரத்திலும் கோயில் கோபுரத்திலும் கட்டுகிற அந்தக் குழாய் ஸ்பீக்கர், குறைந்த மின்சாரத்தில் ஒலியை ஒரே திசையில் குவித்து நெடுந்தூரம் தள்ளும். அதிலிருந்து வருவது பெரும்பாலும் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் அலைவரிசை. அதனால்தான் மூன்று தெரு தள்ளியிருக்கும் பாட்டும் தலைமாட்டில் பாடுவது போலிருக்கும். அதற்குப் பதில் பெட்டி வடிவ ஸ்பீக்கருக்கு அனுமதி உண்டு. இந்த விதியைச் சரிபார்க்க டெசிபெல் தெரிய வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். குழாய் தெரிந்தால் கழற்றிக்கொண்டு போகலாம். போலீஸ் அப்படிப் பறிமுதல் செய்யும் செய்தியும் அவ்வப்போது வருகிறது.

ஏர் ஹாரனும் அப்படித்தான். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, பல சுரங்களை மாற்றி மாற்றி எழுப்பும் ஹாரனையே வண்டியில் பொருத்தக் கூடாது என்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஆர்.டி.ஓ. ஆட்கள் பானெட்டைத் திறந்து ஸ்க்ரூடிரைவரோடு ஹாரனைக் கழற்றுவது இந்த விதியின் பலத்தில்தான். ஹாரனை முறைகேடாகப் பயன்படுத்தினால் முதல் தடவை ரூ. 1,000, அடுத்த தடவை ரூ. 2,000 என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அபராதம் வைத்திருக்கிறது.

குழாய் போன இடத்தில் புதுத் தலைவலி வந்து உட்கார்ந்திருக்கிறது: டி.ஜே. செட். ஆளுயரப் பெட்டிகளை மினி லாரியில் சுவர் மாதிரி அடுக்கி, பேஸைத் திருகிவிட்டால் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும், அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். வயதானவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். விதியில் உள்ள டெசிபெல் அளவுகோல் காதின் கேட்கும் திறனை ஒட்டிச் சரிக்கட்டப்பட்டது. பேஸ் போன்ற அடியொலிகளைக் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும். சுவரை ஊடுருவி வருவதோ அந்த அடியொலிதான். உடம்பு உணர்கிற அளவுக்கு மீட்டர் முள் நகராது.

இந்த இடத்தில் நியூயார்க்கைப் பார்க்கலாம். சத்தத்தோடு நூறு வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டும் ஊர் அது. 1905 வாக்கில் ஹட்சன் ஆற்றங்கரையில் குடியிருந்த ஜூலியா பார்னெட் ரைஸ் என்ற மருத்துவம் படித்த பெண்மணி, இழுவைப் படகுகள் ராத்திரியெல்லாம் ஊதும் சங்கைத் தாங்க முடியாமல், சட்டக் கல்லூரி மாணவர்களைக் கரையில் உட்கார வைத்து எண்ணச் சொன்னார். ஒரே இரவில் ஏறக்குறைய 3,000 ஊதல். படகோட்டிகள் பெரும்பாலும் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கத்தான் ஊதினார்கள்; ஆபத்துக்காக அல்ல. 1906-இல் அவர் தேவையற்ற சத்தத்தை ஒழிக்கும் சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அனாவசிய ஊதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. மருத்துவமனைகளைச் சுற்றி அமைதிப் பகுதி வேண்டும் என்ற இயக்கத்திலும் அவர் முன்னால் நின்றார். அன்று யாரிடமும் மீட்டர் கிடையாது. பென்சிலும் நோட்டும்தான்.

அந்த நகரம் தன் சத்தச் சட்டத்தை 2005-இல் புதிதாக எழுதியது. 2007 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. அதில் சில பிரிவுகள் சுவாரஸ்யமானவை. நாய் பகலில் பத்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம் தொடர்ந்து குரைத்தால் வீட்டுக்காரர் மீது நடவடிக்கை. ஐஸ்கிரீம் வண்டி ஓடும்போது மணிப்பாட்டுப் போடலாம். நின்று வியாபாரம் செய்யும்போது நிறுத்திவிட வேண்டும். பொது இடத்தில் ஒருவருடைய பாட்டுப் பெட்டி 25 அடிக்கு அப்பாலும் தெளிவாகக் கேட்டால் குற்றம். டெசிபெல் வரம்புகளும் அந்தச் சட்டத்தில் உண்டு. ஆனால் தெருவில் நிற்கும் காவலருக்குக் கொடுத்திருப்பது நிமிடமும் அடியும். சட்டம் வந்ததால் நியூயார்க் மௌனமாகிவிடவில்லை. நகராட்சிப் புகார் எண்ணில் சத்தம்தான் இன்றும் முன்வரிசைப் புகார். ஆனால் புகார் கேட்டு வந்தவர் கருவியைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

நம் விதியிலும் அப்படி அடியில் அளக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: அமைதிப் பகுதியின் 100 மீட்டர். ஆனால் அதில் ஒரு முடிச்சு. 2017 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, மருத்துவமனையும் பள்ளியும் இருப்பதாலேயே அந்த இடம் அமைதிப் பகுதி ஆகிவிடாது. மாநில அரசு அறிவித்திருக்க வேண்டும். வாசலில் ‘ஒலி எழுப்பாதீர்’ என்று போர்டு மாட்டியிருப்பது வேறு, அரசாணையில் அந்த இடம் இடம்பெற்றிருப்பது வேறு. போர்டை நம்பிக் கொடுத்த வழக்கு அரசாணை இல்லாமல் நிற்காது.

பகுதி பிரிப்பதும் நம் ஊர்களின் அமைப்போடு ஒட்டாமல் நிற்கிறது. கீழே நகைக்கடை, மேலே குடும்பம். முன்பக்கம் வெல்டிங் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். இது எந்தப் பகுதி? இப்படிக் கலந்து கிடக்கும் இடத்தை நான்கில் ஒன்றாக அறிவித்துக்கொள்ளலாம் என்று விதியே வழி விட்டிருக்கிறது. பஜார் தெருவைக் கடைவீதி என்று அறிவித்தால் மாடியில் தூங்குபவருக்கு 55. குடியிருப்பு என்று அறிவித்தால் 45. மாடியில் படுத்திருப்பவரின் தூக்கம் ஓர் அதிகாரியின் கோப்பில் முடிவாகிறது. அந்தக் கோப்பு எப்போது திறக்கப்படும் என்று கேட்க வேண்டியவர் வார்டு உறுப்பினர்.

திருவிழா விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் பேச்சு சூடாகும். 2002-இல் வந்த திருத்தம் பண்பாட்டு, சமய விழாக்களுக்கு இரவு 10 முதல் 12 வரை சலுகை தர மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் கூடாது. அதுவும் மாநில அரசே தர வேண்டும். உள்ளூர் அதிகாரி தன் கையால் எடுத்துக் கொடுக்க முடியாது. 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தச் சலுகை செல்லும் என்றது. அதே ஆண்டு ஜூலையில்தான், தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையிலான அமர்வு ஒலி மாசு பற்றிய பெரிய தீர்ப்பைத் தந்திருந்தது. அந்த வழக்குக்குத் தூண்டுதல் ஒரு கொடுமை: 13 வயதுச் சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானபோது போட்ட கூக்குரல், பக்கத்தில் அலறிக்கொண்டிருந்த பாட்டில் அமுங்கிப்போனது. சத்தம் என்பது வெறும் எரிச்சல் அல்ல என்று வாதாட அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

பட்டாசுக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை என்று நேரம் வைத்தது. தமிழ்நாட்டில் தீபாவளி விடியலில் அல்லவா? எண்ணெய்க் குளியல், புதுத்துணி, உடனே சரவெடி. தமிழக அரசு போய் முறையிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தை மாநிலமே தேர்ந்தெடுக்கலாம் என்று நீதிமன்றம் இறங்கி வந்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது. சட்டப்படியான ‘இரவு’ முடியும் நிமிடத்தில்தான் முதல் வெடி தொடங்க வேண்டும் என்பதையும் கவனிக்கலாம். நாலு மணிக்கே வெடித்துப் பழகிய ஊரில் இது எவ்வளவு பலித்தது என்பது அவரவர் தெருவுக்குத் தெரியும். ஆனாலும் ஒரே நேரத்தை எல்லோர் தலையிலும் கட்டாமல் ஊர் வழக்கத்தை ஒட்டி விதியை வளைத்தது நல்ல முன்னுதாரணம். மார்கழிக் காலையில் நாலரைக்கு ஒலிக்கும் பாசுரம், விடியுமுன் கேட்கும் பாங்கு, டிசம்பரில் நள்ளிரவு ஆராதனை ஆகியவையும் விதியின் கண்ணில் இரவுதான். வாயால் பாடுவதை யாரும் தடுக்கவில்லை, தடை பெருக்கிக்குத்தான்.

மீறினால் என்ன? சுற்றுச்சூழல் சட்டத்தில் முன்பு ஐந்தாண்டு சிறை வரை இருந்தது. 2023-இல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம் சிறையை எடுத்துவிட்டு, ரூ. 10,000 முதல் 15 லட்சம் வரை பணத்தண்டனை என்று மாற்றியது. பொதுத்தொல்லை என்று வழக்குப் போட்டால், பழைய தண்டனைச் சட்டத்தில் ரூ. 200 வரை இருந்த அபராதம் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் ரூ. 1,000 வரை. ஒன்று யானைக்குப் போடும் சங்கிலி, இன்னொன்று கொசுவுக்கு அடிக்கும் தட்டு. நடுவில் ராத்திரி பதினோரு மணிக்குப் பிரயோகிக்கக்கூடியது ஒன்றுமில்லை. 100-க்கு போன் செய்தால் ஜீப் வரும், சத்தம் குறையும், ஜீப் போகும், சத்தம் ஏறும். மறுநாள் காலையில் புகார் கொடுத்தவர் யார் என்ற விசாரணை மட்டும் தெருவில் ஜரூராக நடக்கும்.

விழாச் சத்தத்துக்குப் பொறுப்பானவர்களின் வரிசையில் எல்லோரும் மறந்துவிடும் ஒருவர் உண்டு: மைக் செட் காரர். விழாக்குழு தலைவர் ஆண்டுக்காண்டு மாறுவார். மைக் செட் காரர் மாற மாட்டார். ஆம்பிளிஃபையர் குமிழ் அவர் கையில். அனுமதிக் கடிதத்தின் நகல் இல்லாமல் செட்டு இறக்கக் கூடாது, பத்து மணிக்கு அவரே ஸ்விட்சை அணைக்க வேண்டும், மீறினால் செட்டு பறிமுதல் என்று இருந்தால், கமிட்டிக்காரர்களோடு மல்லுக்கு நிற்கும் வேலையே போலீசுக்கு மிச்சம். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் பெட்டி வாங்கியவர் அதை ஸ்டேஷன் வாசலில் மழையில் நனைய விட மாட்டார். கல்யாண மண்டபத்துக்கும் இதே கதைதான். மூடிய அரங்கு என்ற விலக்கு கதவைச் சாத்தினால்தான் செல்லும். மண்டபத்துக்கு உரிமம் கொடுக்கும்போதே ‘பத்து மணிக்குக் கதவு அடைக்கப்பட வேண்டும்’ என்ற ஒரு வரி சேர்ப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை.

போலீசும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம் என்று நடக்கும் ஊரும் நம்மிடையே உண்டு. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி. 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கிராமத்தார் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டு போய்விடும் என்பதுதான் காரணம். வீட்டு விசேஷத்துக்கும் அப்படியே. குழந்தைகளுக்கு வனத்துறை இனிப்புக் கொடுக்கிறது. விதியை மீறியவர் யார் என்று அங்கே அளந்து பார்க்க வேண்டியதே இல்லை. ஒரு வெடி வெடித்தாலும் கண்மாயே எழுந்து பறக்கும்.

எல்லா ஊருக்கும் கண்மாயும் நாரையும் கிடைக்காது. ஆனால் ஊர் கூடி முடிவெடுக்கும் இடம் எல்லோருக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் 2022 முதல் பகுதி சபை நடக்கிறது. குடிநீர், தெருவிளக்கு வரிசையில் சத்தத்தையும் அங்கே வைக்கலாம். கேட்க வேண்டியவை நான்கு: நம் ஆரம்ப சுகாதார நிலையமும் பள்ளியும் அமைதிப் பகுதி என்று அரசாணையில் இருக்கிறதா, இல்லையென்றால் அறிவிக்கக் கோரித் தீர்மானம். ஊரில் உள்ள மைக் செட் காரர்களின் பெயர்ப் பட்டியல் காவல் நிலையத்தில் இருக்கிறதா. மண்டப உரிமத்தில் பத்து மணி நிபந்தனை இருக்கிறதா. புகார் கொடுப்பவர் பெயரை வெளியே விடாத ஒரு பதிவேடு உண்டா. விதியின்படி அதிகாரம் உள்ளவர் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாமல் நியமிக்கப்பட்ட அதிகாரி. தீர்மான நகலை அவர் பெயருக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் பதில் என்ன ஆயிற்று என்று கேட்கலாம்.